கையைத் தூக்கியவன்

மாசிலாமணி தன் குருவை அம்மா என்றுதான் அழைப்பார். அம்மாவுக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு.

அன்று அவர் போனபோது அம்மா வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்து அவரும் உரிக்கத் தொடங்கினார்.

“முகமே சரியில்லையே, மணி சார்.”

“பூவிழி என்கூடப் பேசமாட்டேங்கிறா.”

பூவிழி அவருடைய மகள். பதிமூன்று வயது.

“என்ன பண்ணீங்க?”

“என் வேலையைப் பண்ணேன்.”

வீடியோ விளையாட்டுகளை எந்த வயதினர் ஆடலாம் என்று முடிவு செய்யும் குழுவில் அவர் இருந்தார். போன வாரம் ஒரு போர் விளையாட்டுக்குப் பதினெட்டு என்று எழுதினார். சின்னப் பிள்ளைகள் ஆடக்கூடாது என்று சொல்லி, அன்றே வீட்டுக் கணினியிலிருந்தும் அதை அழித்துவிட்டார்.

“பதினெட்டு தப்பாம்மா? அவ்வளவு ரத்தம்.”

“நீங்க ஆடிப் பாத்தீங்களா?”

மாசிலாமணி ஒரே கடலையை வெகுநேரம் உரித்தார்.

“என்னால முதல் கட்டத்தையே தாண்ட முடியலை. நாலடி வைக்கிறதுக்குள்ள செத்துப்போறேன். பூவிழிதான் கடைசி வரைக்கும் ஆடிக் குடுத்தா. நான் பக்கத்துல உக்காந்து குறிப்பெடுத்தேன்.”

அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மடியிலிருந்த தோலெல்லாம் தரையில் கொட்டியது. கூடவே அவரும் சிரித்துவிட்டார்.

“கெட்டிக்காரி. எங்கயும் திணறலையா?”

“ஒரு இடத்துல நின்னா. எதிரிச் சிப்பாய் ஒருத்தன் துப்பாக்கியைக் கீழ போட்டுட்டுக் கையைத் தூக்கினான். ‘அப்பா, இவனையும் சுடணுமா?’ன்னு கேட்டா.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“‘சுடும்மா, அடுத்த காட்சி வரட்டும், சாயங்காலத்துக்குள்ள அறிக்கை அனுப்பணும்’னேன்.”

“சுட்டாளா?”

“கொஞ்ச நேரம் என்னையே பாத்தா. அப்புறம் சுட்டா.”

சொல்லி முடித்தபின் அவர் கடலையை எடுக்கவில்லை.

“பதினெட்டை மாத்தணுமாம்மா?”

“எதுக்கு? அது சரிதான்.”

உரித்த கடலையை அம்மா ஒரு காகிதத்தில் பொட்டலம் கட்டி அவர் கையில் வைத்தார்.

“பூவிழிக்குக் குடுங்க. அவ சாப்பிடும்போது பக்கத்துல உக்காருங்க. குறிப்பெடுக்க வேண்டாம்.”

“அவ பேசலைன்னா?”

“அவதான் ஏற்கெனவே கேட்டுட்டாளே, மணி சார். ‘அப்பா’ன்னு கூப்பிட்டுத்தானே கேட்டா? அறிக்கை எழுதுறவர்தான் பதில் சொன்னார். அப்பா இன்னும் சொல்லலையே.”