மூன்று முறை அசைந்த தலை

முன்னொரு காலத்தில் பாட்டென்றால் உயிரை விடும் அரசன் ஒருவன் இருந்தான். ஆனால் பாட்டை அவன் கேட்பதில்லை. தலைமைப் புலவர் சிகாமணியாரின் தலையையே பார்த்துக்கொண்டிருப்பான். அந்தத் தலை மூன்று முறை அசைந்தால் சபையே "ஆகா" என்னும், பாடியவருக்குப் பட்டு கிடைக்கும். அசையாவிட்டால் ஓலைச்சுவடி மடைப்பள்ளி அடுப்புக்குப் போகும்.

ஒருநாள் விகடகவி குருந்தன், கடலோரத்துப் புலவர் மருதையனை அழைத்து வந்தான். சிகாமணியாருக்கோ குருந்தனைக் கண்டாலே ஆகாது.

"பத்து வருஷம் எழுதியது, அரசே" என்று மருதையன் சுவடிக் கட்டை அவிழ்த்தார்.

"கருவாட்டு வாடை அடிக்கிறது. இதற்கு என் தலை அசையாது" என்றார் சிகாமணியார்.

"இன்னும் கேட்கவே இல்லையே, ஐயா?" என்றான் குருந்தன்.

"கேட்டால்தான் தெரியுமா?"

அரசனுக்கு விளையாட்டுப் புத்தி. "குருந்தா, நாளை அவர் தலையை மூன்று முறை அசைய வை. இல்லாவிட்டால் சுவடி அடுப்புக்கு, நீ ஊருக்கு."

"உத்தரவு, அரசே. பாட்டு மட்டும் மதிய விருந்துக்குப் பிறகு இருக்கட்டும்."

மறுநாள் விருந்தில் குருந்தனே சிகாமணியாருக்குப் பரிமாறினான். "இன்னும் கொஞ்சம் நெய், ஐயா. பாயசம்?"

"சாப்பாட்டுக்கெல்லாம் மசியமாட்டேன்" என்றபடியே அவர் நாலாவது கிண்ணத்தை நீட்டினார்.

பிறகு மருதையன் படித்தார். பத்தாம் பாட்டில் சிகாமணியாரின் தலை முன்னே சாய்ந்து நிமிர்ந்தது. மறுபடி ஒரு தரம். மறுபடியும். சபை "ஆகா" என்று அதிர்ந்தது. அதில்தான் அவருக்கு விழிப்பே வந்தது.

"எதை ரசித்தீர், புலவரே?" என்றான் அரசன்.

தூங்கினேன் என்று எப்படிச் சொல்வார்? "அந்தத் தாமரை உவமைதான், அரசே. அதற்கு ஏழு பொருள் உண்டு" என்று ஒவ்வொன்றாக விரித்தார்.

மருதையன் குருந்தனின் காதைக் கடித்தார். "அண்ணே, நான் தாமரையே எழுதலையே. உப்பளத்துல ஏது தாமரை?"

"சும்மா இரும். பெரியவர் இப்பத்தான் எழுதிக்கிட்டு இருக்கார்."

அது அரசன் காதிலும் விழுந்தது. "குருந்தா, என்ன செய்தாய்?"

"தலை அசைய வேண்டும் என்றீர்கள், அரசே. கண் திறந்திருக்க வேண்டும் என்று சொல்லவில்லையே."

அரசன் வயிறு குலுங்கச் சிரித்தான். சிரித்து ஓய்ந்ததும், "தாமரை இல்லாதது எனக்கும் தெரியவில்லை. நானும் தலையைத்தானே பார்த்தேன்? இன்னொரு முறை படியும், மருதையனாரே" என்றான்.

பேச்சுவார்த்தை இல்லாத மாமியாரும் மருமகளும் உப்பளத்து மழையில் ஒரே ஓலைக்குடைக்குள் ஒண்டும் இடம் வந்தது. அரசன் தானாகச் சிரித்துவிட்டான். சபை சிகாமணியாரைப் பார்த்தது. சிகாமணியார் அரசனைப் பார்த்தார்.

மருதையனுக்குப் பட்டுப் போர்த்திவிட்டு அரசன் கேட்டான்: "உனக்கு என்ன வேண்டும், குருந்தா?"

"உங்கள் விரல் மோதிரம் போதும், அரசே. ஐயாவுக்கு ஒரு தலையணை."