தேங்காய் எண்ணெய் விடாத அவியல்

திருப்பூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். பனியன் கம்பெனி வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்தவரின் மகள் சஸ்மிதா அங்கே ஒன்பதாவது படித்தாள். அதே பள்ளியில் படித்த அவள் தம்பி, பிள்ளைகளின் கேலிக்குப் பயந்து சோற்று டப்பாவையே திறப்பதில்லை. அதைச் சொல்லி, அவரவர் ஊர்ச் சாப்பாடு, பாட்டு எல்லாம் பகிர்ந்துகொள்ள ஒரு மன்றம் வேண்டுமென்று மனு எழுதிக்கொண்டு தலைமையாசிரியர் தாணுலிங்கத்திடம் போய் நின்றாள்.

அவர் நடந்தால் வராந்தாவே விறைத்து நிற்கும்.

"இங்க எல்லாரும் ஒண்ணும்மா. எங்க ஊரு, உங்க ஊருன்னு யாரும் பேசுறதில்ல. அப்படிப் பேசுற ஒரே ஒரு ஆளைக் காட்டு, கையெழுத்துப் போடுறேன்."

அவர் கேரியரைத் திறந்தால் தேங்காய் எண்ணெய் வாசம் வகுப்புவரை வருவதை சஸ்மிதா கவனித்திருந்தாள். மறுநாள் மதியம் ஒரு டப்பாவோடு வந்தாள்.

"அம்மா முதல் தடவையா அவியல் செஞ்சாங்க சார். கடலெண்ணெய் ஊத்தியிருக்கு. சரியான்னு பாத்துச் சொல்லுங்க."

ஒரு வாய் வைத்ததுமே அவர் முகம் கோணிப்போனது.

"கடலெண்ணெயா? எங்க நாகர்கோவில்ல தேங்காய் எண்ணெய் விடாத அவியல இலையிலயே வைக்க மாட்டோம், கேட்டியா மக்கா."

வாசலில் நின்ற வாத்தியார்கள் இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"அந்த ஒரு ஆளு கெடச்சுட்டாரு சார்," என்று மனுவையும் பேனாவையும் நீட்டினாள் சஸ்மிதா.

கையெழுத்துப் போட்டுவிட்டுத் தாணுலிங்கம் சொன்னார்: "நாளைக்கு உன் தம்பியக் கூட்டிட்டு வா. அவன் டப்பாவுல என்னதான் இருக்குன்னு நானும் பாக்கணும்."