மா அத்திரி

ஐந்தாவது நிலப்படத்திலும் அந்த ஊர் இருந்தது.

அம்பலவாணன் படத்தைச் சுருட்டக்கூட இல்லை. விரித்தபடியே இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு கூடத்தின் மறுகோடிக்கு ஓடினான். நாற்பத்தாறு வயதான அவன் ஓடி நல்லமங்கை பார்த்ததில்லை. மை அரைப்பதை நிறுத்தினார்.

“அஞ்சுலயும் இருக்கும்மா.”

“எது?”

“மா அத்திரி.”

நல்லமங்கை அவனைவிட ஏழு வயது இளையவர். படம் வரையத் தெரிந்தவர்கள் அந்தத் துறைமுகத்தில் பலர் உண்டு. படத்தில் எதை நம்பக்கூடாது என்று தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அதைக் கற்றுக்கொள்ளத்தான் அம்பலவாணன் இலக்கணம் சொல்லிக்கொடுப்பதை விட்டுவிட்டு அவரிடம் வந்து சேர்ந்திருந்தான். இரண்டு வருஷம் ஆகிறது. அவன் அவரை அம்மா என்பான். அவர் அவனைப் புலவரே என்பார்.

ஐந்தும் கடலுக்கு அப்பால் இருந்த பாலைத் தீபகற்பத்தின் பழைய படங்கள். ஐந்து பேர், இருநூறு வருஷ இடைவெளியில் வரைந்தவை. ஒன்றில் அந்த நிலம் வெற்றிலை போல இருந்தது. இன்னொன்றில் ஆட்டுத்தொடை போல. மூன்றாவதில் குறுக்கே ஒரு ஆறு ஓடியது. போய் வந்த ஒருவரும் அந்த ஆற்றைக் கண்டதில்லை. ஐந்தையும் ஒப்பிட்டு, நம்பத்தக்க ஒரு படம் வரைந்து தரவேண்டும். நாளை விடியலில் கப்பல். அம்பலவாணனின் தம்பி சேந்தன் பதினோரு பேரோடும் மிளகுப் பொதிகளோடும் அதில் போகிறான். இறங்கியதும் பாலையைக் குறுக்கே கடக்கவேண்டும். ஒன்பது நாள். வழியில் தண்ணீர் உண்டா என்பதை அந்தப் படம்தான் சொல்லவேண்டும்.

சேந்தன் அங்கேதான் இருந்தான். தண்ணீருக்காகப் புதிதாகத் தைத்த பன்னிரண்டு தோல்பைகளைத் தரையில் போட்டு, தையலை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஊருன்னா தண்ணி இருக்கும்ல, அண்ணே?”

“தண்ணியா? சந்தையே இருக்கும்டா. மா அத்திரி. மான்னா பெருசு. அத்திரின்னா ஒட்டகம், நிகண்டுல இருக்கு. பெரிய ஒட்டகச் சந்தை. பேரைப் பாரு, சுத்தமான தமிழ். நம்ம ஆளுங்க எப்பவோ போய்க் கடை போட்டிருக்காங்க.”

“மாவும் அத்திரியும் சேர்ந்தா நடுவுல ஒரு வகரம் வரணுமே, புலவரே?” என்றார் நல்லமங்கை.

“வரணும். அந்த வெயில்ல காஞ்சு போயிருக்கும்மா.”

சேந்தன் சிரித்தான்.

நல்லமங்கை படங்களை வாங்கி வரிசையாகப் பரப்பினார். “ஒண்ணுல கரையோரமா இருக்கு. இதுல நடுவுல. இதுல மலைக்கு அந்தப் பக்கம். ஊர் நடக்குதா?”

“பெரிய ஊரும்மா. ஒருத்தர் கிழக்கு வாசல்ல நுழைஞ்சிருப்பார், ஒருத்தர் மேற்கு வாசல்ல. புதுப் படத்துல நான் நடுவுல குறிச்சிட்டேன்.”

“அப்ப பாதி வழியில தண்ணி” என்றான் சேந்தன். ஆறு பைகளை எடுத்து மூலையில் வைத்தான். “இந்த இடத்துல இன்னும் மிளகு ஏத்தலாம்.” வேலை கிடந்ததால் மற்ற ஆறையும் எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனான்.

நல்லமங்கை மூலையைப் பார்த்தார்.

“அந்த நாட்டுப் பேரீச்சங்கப்பல் ஒண்ணு துறையில நிக்குதே. அவங்களைக் கேட்டீங்களா?”

அம்பலவாணன் ஏற்கெனவே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான்.

“துபாசியைக் கூட்டிட்டுப் போங்க.”

“பேர் கேக்கறதுக்கு எதுக்கும்மா துபாசி? பேர் எந்தப் பாஷையிலயும் பேர்தானே.”

பேரீச்சம்பழ வியாபாரி கப்பலில் கித்தான் நிழலில் உட்கார்ந்து, பழத்தில் மொய்த்த ஈக்களை விரட்டிக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்த தமிழெல்லாம் விலையும் எண்களும்தான். அம்பலவாணன் பழைய படத்தின் நகல் ஒன்றை அவர் முன்னால் விரித்தான். ஊர் இருந்த இடத்தில் விரலை வைத்தான். என்ன என்பதுபோல் முகத்தைத் தூக்கினான்.

வியாபாரி படத்தைத் திருப்பிப் பார்த்தார். மறுபடி திருப்பினார். இரண்டு கைகளையும் அகல விரித்தார்.

“மா அத்ரி.”

அம்பலவாணனுக்குப் புல்லரித்தது. அவன் அந்தப் பெயரை உச்சரிக்கவே இல்லை. விரலைத்தான் வைத்தான். பெயர் தானாக வந்தது. கையை வேறு அகல விரித்துக் காட்டுகிறார். எவ்வளவு பெரிய ஊராக இருக்கவேண்டும்.

பாய்மரத்தடியில் இருந்த மாலுமியிடம் காட்டினான். மா அத்ரி. சமையல்காரனிடம் காட்டினான். மா அத்ரி. மேல்தளத்தில் தூங்கிக்கொண்டிருந்தவனை எழுப்பிக் காட்டினான். அவன் கொஞ்சம் எரிச்சலோடு சொன்னான். ஆனால் அதையேதான் சொன்னான்.

கூடத்துக்குள் நுழையும்போது அம்பலவாணனுக்கு மூச்சு வாங்கியது.

“நாலு பேரும்மா. நாலு பேரும் அதே பேர். ஒருத்தன் தூக்கத்துலகூட சொல்றான்.”

“நல்லது” என்றார் நல்லமங்கை. அவருக்கும் முகம் மலர்ந்திருந்தது. தூரிகையை மையில் தோய்த்து, அந்த நகலின் வெற்றிடத்தில் ஒரு புள்ளி வைத்தார். தள்ளி இன்னொரு புள்ளி. “இதையும் கேட்டுட்டு வந்துடுங்க.”

“இது என்ன ஊரும்மா?”

“எனக்கு எப்படித் தெரியும்? இப்பதான் வெச்சேன்.”

அவன் மறுபடி போனான். வியாபாரி அவனைக் கண்டதும் ஒரு பேரீச்சம்பழத்தைக் கையில் கொடுத்தார். அதைத் தின்றுகொண்டே முதல் புள்ளியில் விரலை வைத்தான்.

“மா அத்ரி.”

மெல்லுவது நின்றது. இரண்டாவது புள்ளியில் வைத்தான்.

வியாபாரி கைகளை அகல விரித்தார். “மா அத்ரி.”

அம்பலவாணன் விரலை மெல்ல நகர்த்தினான். கரையைத் தாண்டினான். நடுக்கடலில் வைத்தான்.

“மா அத்ரி” என்றார் வியாபாரி, பொறுமையாக.

துபாசி மீரா லெப்பை சற்றுத் தள்ளி ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

“லெப்பை, மா அத்ரின்னா என்ன?”

“தெரியாது.”

“நீர்தானே துபாசி?”

“நான்தான்.”

“அப்ப அர்த்தத்தைச் சொல்லும்.”

“தெரியாது.”

“முப்பது வருஷமா இவங்களோட பேசறீர். இத்துனூண்டு சொல்லு, அதுக்கு அர்த்தம் தெரியலையா?”

லெப்பை எச்சிலைத் துப்பிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்.

“ஏன் புலவரே, காது அடைச்சிருக்கா? அவன் பாஷையில மா அத்ரி. நம்ம பாஷையில தெரியாது. இதை இன்னும் எப்படிச் சொல்லித் தொலைக்க?”

அம்பலவாணன் பக்கத்து மூட்டையில் உட்கார்ந்துவிட்டான். கையில் பாதிப் பழம் இருந்தது. லெப்பை அவனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று தண்ணீர்க்குவளையை நீட்டினார். அவன் குவளையைப் பார்த்தான். பிறகு எழுந்து ஓடினான். காலையில் ஓடியதெல்லாம் ஓட்டமே இல்லை.

“அம்மா, அஞ்சு பேரும் நெஜமாவே போயிருக்காங்க.” வாசலிலிருந்தே பேசிக்கொண்டு வந்தான். “அந்த மணல்ல நின்னு, கையை நீட்டி, இது என்ன இடம்னு கேட்டிருக்காங்க. எதிர்ல இருந்தவனும் உள்ளதைத்தான் சொல்லியிருக்கான். இவங்களும் காதுல விழுந்தபடியே எழுதியிருக்காங்க. ஒருத்தர்கூடப் பொய் சொல்லலைம்மா. ஒருத்தர்கூட. அதனாலதான் ஊர் அங்கயும் இருக்கு, இங்கயும் இருக்கு. யாருக்கும் தெரியாத இடத்துல எல்லாம் இருக்கு.”

“ஒட்டகச் சந்தை?”

“அது என் சரக்கும்மா.”

“சந்தை நல்லாத்தான் இருந்துச்சு.”

அவன் சிரிக்க ஆரம்பித்தான். சிரிக்கும்போதே கண் மூலைக்குப் போனது. ஆறு தோல்பைகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. சிரிப்பு நின்றது.

புதுப் படத்தை முன்னால் இழுத்தான். சுரண்டும் கத்தியை எடுத்து, அழகாக எழுதியிருந்த பெயரைச் சுரண்ட ஆரம்பித்தான். பெயர் போயிற்று. அதன் கீழே போட்டிருந்த சின்ன வட்டத்தின் மேல் கத்தியை வைத்தான்.

“அதை ஏன் எடுக்கறீங்க?”

“இல்லாத ஊரும்மா.”

“இல்லைன்னு யார் சொன்னா?”

கத்தி நின்றது. அம்பலவாணன் தூரிகையை எடுத்தான்.

“அப்ப இதுக்குப் பக்கத்துல என்ன எழுத?”

நல்லமங்கை மைக்கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினார்.

“அவங்க சொன்னதையே எழுதுங்க, புலவரே. தமிழ்ல.”

சாயங்காலம் சேந்தன் படத்தை வாங்க வந்தான். மை காய்ந்திருந்தது. அவன் படத்தை விரித்து, இறங்கும் துறையிலிருந்து விரலை வைத்து வழியைத் தொடர்ந்தான். பாதி வழியில் விரல் நின்றது. அங்கே எழுதியிருந்ததை வாசித்தான். அண்ணனைப் பார்த்தான். அம்பலவாணன் தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தான்.

“சரி, வரேன் அண்ணே. வரேம்மா.”

“காத்து நல்லா இருக்கு. பத்திரமா போய்ட்டு வாங்க” என்றார் நல்லமங்கை.

சேந்தன் படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். போகிற போக்கில் மூலையில் குனிந்து, ஆறு பைகளையும் அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினான்.