ஆளுக்கு ஒரு சங்கு

இந்தக் கதையை ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த சங்கு வியாபாரி ஒருவர் சொன்னார். அவருக்கும் யாரோ சொன்னதுதான். நினைவில் நின்ற வரை எழுதுகிறேன். பிழை இருந்தால் என்னுடையது.

அந்தக் காலத்தில், நண்டும் அணிலும் பேசிக்கொண்ட நாளில், கடற்கரைக்கும் தோப்புக்கும் ஒரே காசுதான். அது சங்கு. ஆமை கடலடியிலிருந்து சங்குகளை அளவாகக் கொண்டுவந்து கொடுக்கும். மழைக்காலத்தில் கரையில் இரை கிடைக்காது. தோப்பிலிருந்து பழம் வாங்கினால்தான் நண்டுக் குஞ்சுகள் பிழைக்கும்.

நண்டுகளிடம் ஒரு பழக்கம் இருந்தது. கடல் இரைந்தால் பயந்து, இருக்கிற சங்கையெல்லாம் மணலில் புதைத்துவிடும். கடல் அடங்கியதும் மொத்தத்தையும் தோண்டிச் செலவழிக்கும்.

மழைக்குச் சற்று முன் அணில் தலைவி தோப்பிலிருந்து நண்டுகளிடம் வந்தாள். "போன மாசம் ஒரு சங்குகூடக் கண்ணுல படல, பழமெல்லாம் அழுகிப்போச்சு. இந்த மாசம் கொட்டுறீங்க, ஒரு பழம் பத்துச் சங்குன்னு ஆயிடுச்சு. இந்தச் சங்குக் காசுக் கூட்டே வேணாம்."

"ஆளாளுக்கு எவ்வளவு வெச்சிருப்பீங்கன்னு தெரிஞ்சாத்தானே நான் எவ்வளவு கொண்டாரணும்னு தெரியும்?" என்றது ஆமை.

செங்காலி என்ற நண்டு முன்னே வந்தாள். "இனிமே கையிருப்பு ஆளுக்கு ஒண்ணு. அதையும் முதுகுல போட்டுக்குவோம், எல்லார் கண்ணுக்கும் தெரியட்டும். மிச்சமெல்லாம் சந்தையில ஓடட்டும்."

"பெருசு ஒண்ணு கிடைச்சா?" என்றான் பெரிய நண்டு வீரையன்.

"பழசைக் கழட்டி அடுத்த ஆளுக்குக் குடு மாமா."

"பௌர்ணமி வரைக்கும் பார்க்கிறோம். ஒருத்தர்கிட்ட ரெண்டு இருந்தாலும் தோப்புக்கு வராதீங்க," என்றாள் அணில்.

பௌர்ணமிக்கு முந்தின நாள் கடல் இரைந்தது. எல்லா நண்டுக்கும் கால் மணலைத் தேடியது. அந்த நேரம் பார்த்து அலை ஒரு பெரிய சங்கை வீரையன் முன்னே போட்டது. அவன் அதைத் தன் வளைக்குள் இழுக்கப் பார்த்தான். செங்காலி வளைவாசலில் படுத்துக்கொண்டாள்.

"என்னை மிதிச்சுட்டுப் போ மாமா."

வீரையன் இழுப்பதை விட்டான். பிறகு தன் சங்கைக் கழற்றிவிட்டுப் பெரியதில் ஏறினான். அவன் விட்டதில் அடுத்தவள் ஏறினாள், அவள் விட்டதில் அதற்கடுத்தவன். கடைசிச் சங்கு, அதுவரை வெறும் உடம்போடு நின்ற குஞ்சுக்குப் போனது. பௌர்ணமியன்று அணில் வந்து ஒவ்வொரு முதுகாகப் பார்த்தாள். யாரிடமும் இரண்டு இல்லை. மறுநாள் தோப்பிலிருந்து பழம் உருண்டுவந்தது.

அன்று முதல்தான் அந்த நண்டுகள் ஆளுக்கொரு சங்கைச் சுமந்து திரிகின்றன.

பிறகு நூலகத்தில் தேடிப் பார்த்தேன். தோப்பைப் பற்றி எதுவும் இல்லை. ஆனால் காலிச் சங்கு ஒன்று கிடைத்தால் இப்படிச் சங்குக்குள் வாழும் துறவி நண்டுகள் சில சமயம் பெரியதிலிருந்து சிறியதுவரை வரிசையாக நின்று, ஒன்று விட்டதில் அடுத்தது ஏறுவது உண்மைதான்.