பல்லுள்ள கத்தி, பல்லில்லாத கத்தி

ஏரிக்கரை ஆசிரமத்தில் குரு மங்களவல்லி புதுக் கிணற்றுக் கயிற்றை வாளியில் கட்டிக்கொண்டிருந்தார். ஆசிரமத்துக்கு வருமுன் துறைமுகத்தில் அறுந்த கப்பல் கயிறுகளைப் புரி பின்னி ஒட்டியவர். அவர் ஒட்டிய இடத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அப்படி ஒரு கை.

சீடர் தணிகாசலம் வந்து எதிரே உட்கார்ந்தார். மீன் பிடிப்பவர். குருவைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். இருவருமே அதைப் பொருட்படுத்தியதில்லை.

மடியிலிருந்து காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். உள்ளே இரண்டு மடக்குக் கத்திகள். இரண்டும் கிளி மூக்குப் போல வளைந்தவை. ஒன்றின் விளிம்பில் கருக்கரிவாளுக்கு இருப்பது போல் பல். மற்றது வழவழவென்று இருந்தது.

"ஒண்ணைச் சாயந்திரத்துக்குள்ள கடையில திருப்பிக் கொடுக்கணும்மா. எதை வெச்சுக்கட்டும்?"

குரு இரண்டையும் விரித்தார். வெயிலில் திருப்பிப் பார்த்தார். மடக்கினார். மறுபடி விரித்தார்.

"நல்ல வேலைய்யா. செஞ்சவன் கையைக் கும்பிடணும். சரி, எதை அறுக்கப் போறே?"

"கயிறு."

"எந்தக் கயிறு?"

தணிகாசலம் ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். "என் படகையும் தம்பி படகையும் கட்டியிருக்கே, அது."

அந்தக் கயிறு ஊருக்கே தெரியும். தம்பி தேசப்பன் படகில்தான் எஞ்சின். அண்ணன் படகை அதுதான் இழுத்துப்போகும். வலை போடும் இடம் வந்ததும் இரண்டு பேருமாகப் பெரிய வலையை இழுப்பார்கள். கரைக்கு வந்தாலும் கயிற்றைச் சுருட்டி வைப்பார்களே தவிர அவிழ்ப்பதில்லை.

"தேசப்பன் என்ன சொன்னான்?"

"மீன் ஏலம் போடற இடத்துல, அத்தனை பேர் முன்னாடி. 'எங்கண்ணனுக்குக் கை நடுங்குது, வலை பிடிக்க வேற ஆளு பாக்கணும்'னான். எல்லாரும் சிரிச்சாங்க."

"நடுங்குதா?"

"யாருக்குத்தான் நடுங்கல?"

"எனக்கு நடுங்கல. முடிச்சை அவுத்துக்கிட்டுப் போயேன்யா."

"எங்கப்பா கடைசியாப் போட்ட முடிச்சு. ஒம்பது வருஷம் தண்ணில ஊறிக் கல்லாக் கெடக்குது. அதோட, அவுத்தா அவனுக்கு உறைக்காது. நாளைக்கு விடிஞ்சதும் அவன் பாக்கப் பாக்க அறுக்கணும்."

"ஒத்தப் படகுல பெரிய வலை எப்படிப் போடுவே?"

"நண்டு வலை போட்டுப் பொழைச்சுக்கறேன். நீங்க கத்தியைச் சொல்லுங்கம்மா."

குரு கிணற்றுக் கயிற்றைத் தண்ணீரில் நனைத்து அவர் முன்னால் போட்டார்.

"அறு. முதல்ல பல்லுள்ளது."

"புதுக் கயிறும்மா!"

"உன்னுது மட்டும் இத்துப்போனதா? அறுய்யா."

கர்ரென்று ஒரே இழுப்பு. கயிறு இரண்டாயிற்று. தணிகாசலத்துக்கு முகமெல்லாம் பல்.

"இப்ப வேற இடத்துல மத்த கத்தியால அறு."

வழவழ விளிம்பு ஈர நைலான் மேல் வழுக்கிற்று. கை நடுங்கியது. நன்றாகவே தெரிந்தது. நாலாவது இழுப்பில்தான் அறுந்தது.

"பாத்தீங்களா? பல்லுள்ளதுதான் சரி. ஒரே இழுப்பு. என் கை ஆடறது அவனுக்குத் தெரியாது."

குரு பல்லில்லாத கத்தி அறுத்த இரண்டு முனைகளையும் எடுத்துப் புரி பிரித்தார். மூன்று புரியும் சொன்ன பேச்சுக் கேட்டதுபோல் தனித்தனியே நின்றன. ஒன்றினடியில் ஒன்றை நுழைத்து இழுத்தார். நுழைத்தார், இழுத்தார். கயிறு மறுபடி ஒரே கயிறாயிற்று.

தணிகாசலம் நாற்பது வருஷம் கயிறு பிடித்தவர். இப்படிப்பட்ட விரல்களைப் பார்த்ததில்லை. வந்த வேலையே மறந்துவிட்டது.

"அடேயப்பா" என்றார்.

அடுத்து, பல் அறுத்த முனைகள். அவை தாடி மாதிரிச் சிலிர்த்துக்கொண்டு நின்றன. புரி எது, பிசிறு எது என்று தெரியவில்லை. குரு நுழைத்தார். உருவிக்கொண்டது. எச்சில் தொட்டு முறுக்கி நுழைத்தார். அப்போதும் உருவிக்கொண்டது. கடைசியில் இரண்டு பக்கமும் ஒரு சாண் வெட்டி எறிந்துவிட்டுத்தான் ஒட்டினார்.

வாளியைக் கிணற்றில் விட்டார். அது தண்ணீருக்கு மேலே தொங்கி ஆடியது. எட்டவில்லை.

"போச்சு. இன்னைக்கு யாருக்கும் குளியல் கெடையாது" என்றார் குரு.

"உங்க கைக்கே வரலையேம்மா!"

"வரல."

தணிகாசலம் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தபடி நின்றார். பிறகு எரிச்சலோடு சொன்னார்:

"எனக்கு எதுக்கும்மா இதெல்லாம்? நான் அதை ஒட்டப் போறதே இல்லையே."

"நீ ஒட்ட வேணாம்யா. ஒட்டணும்னு அவனுக்குத் தோணலாமில்ல? மறுமுனை உன் தம்பி படகுல இருக்கே."

தணிகாசலம் பல்லுள்ள கத்தியை எடுத்து மடக்கினார். காகிதத்தில் சுற்றினார். கை நடுங்கியதில் காகிதம் பிரிந்துகொண்டது. மறுபடி சுற்றி எடுத்துக்கொண்டு, திருப்பிக் கொடுக்கக் கடைத்தெருப் பக்கம் நடந்தார்.