கூடையோடு ஓடியவள்

அஞ்சப்பனுக்கு வயது அறுபத்தொன்று. அவருடைய குருவுக்கு நாற்பத்து மூன்று. அதனால் குரு அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். அஞ்சப்பன் குருவைச் சாமி என்பார். பன்னிரண்டு வருடமாக இப்படித்தான்.

மடம் மீனவர் குப்பத்துக்கும் டவுனுக்கும் நடுவில், பஸ் ரோட்டை ஒட்டி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அஞ்சப்பன் வந்தபோது குரு கிணற்றடியில் வேட்டி அலசிக்கொண்டிருந்தார்.

"சாமி, உங்க வாயால ஒரு வார்த்தை வேணும்."

"என்ன வார்த்தை?"

"டவுன்ல சுனாமிப் படம் ஓடுது. அதைப் பாக்கறது பாவம்னு நீங்க சொல்லணும். சாயங்காலம் ஊர்க்கூட்டம். யாரும் போகக்கூடாதுன்னு கட்டுப்பாடு கேக்கப் போறேன்."

குப்பத்தில் ஊர்க் கட்டுப்பாடு என்றால் விளையாட்டில்லை. நாளைக்குத் தொழிலுக்குப் போகக்கூடாது என்று ஊர் சொன்னால் அத்தனை படகும் கரையில் கிடக்கும். படத்துக்குப் போகக்கூடாது என்றால் தியேட்டர் வாசலை ஒருத்தர் மிதிக்க முடியாது. மீறினவன் வீட்டு நல்லது கெட்டதுக்கு யாரும் போகமாட்டார்கள். அஞ்சப்பன் முன்பு நாட்டாராக, ஊர்த் தலைவராக, இருந்தவர். அவர் கேட்டால் எடுபடும். மடத்துச் சாமியும் சொல்லிவிட்டால் மறுபேச்சே கிடையாது.

"ஏன் தடுக்கணும்?" என்றார் குரு.

"எங்க குப்பத்துல மட்டும் அறுபத்தேழு பேர் சாமி. என் பொண்டாட்டி பவளமும் அதுல ஒருத்தி. படம் எடுத்தவன்ல ஒருத்தனாவது எங்க மண்ணை மிதிச்சானா? எங்கேயோ தொட்டி கட்டி, தண்ணியை ரொப்பி எடுத்திருக்கான். அதை ஜனங்க முறுக்கு தின்னுகிட்டுப் பாக்குது. நாங்க செத்தது இவனுங்களுக்கு மேட்னி ஷோ."

"நீங்க பாத்தீங்களா?"

"தங்கச்சி மவன் போன்ல கொஞ்சம் காட்டினான்."

"என்ன காட்டினான்?"

அஞ்சப்பன் தோள் துண்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டார்.

"முழுசாப் பாக்காம எப்படிண்ணே தடுக்கறது?"

"அழுகின மீனை முழுசாத் தின்னுட்டா தூக்கிப் போடுவாங்க?"

குரு சிரித்துவிட்டார். "அதுவும் சரிதான். நீங்களாவது மோந்து பாத்துட்டீங்க. நான் அதுகூடச் செய்யலையே. நான் சொல்லணும்னா நான் பாக்கணும்."

வேட்டியைப் பிழிந்து கொடியில் போட்டார். குடையை எடுத்துக்கொண்டார்.

"பதினோரு மணி ஆட்டத்துக்குப் போயிடலாம். நீங்களும் வாங்க."

"நான் வரமாட்டேன்."

"அப்ப நான் சொல்லவும் மாட்டேன்."

அஞ்சப்பன் கூடவே போனார்.

தியேட்டரில் டிக்கெட் கிழிக்கிறவன் காவி வேட்டியை மேலும் கீழும் பார்த்தான். "சாமி, இது அம்மன் படமில்ல. அது ஆடி மாசம் வரும்."

"தெரியும்ப்பா. கிழி."

இடைவேளை வரைக்கும் காதலும் பாட்டும்தான். அறுபத்தேழு பேர் செத்த கதைக்கு அவ்வளவு பாட்டு. அஞ்சப்பன் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். குரு திரையை மட்டும் பார்த்தார்.

இடைவேளைக்குப் பிறகு கடல் உள்வாங்கியது. கண்ணுக்கு எட்டிய தூரம் வெறும் சேறு. சேற்றில் மீன்கள் துள்ளின. ஒரு பெண் அதைப் பார்த்தாள். கண் விரிந்தது. புருஷன் வேண்டாம் வேண்டாம் என்று கத்தக் கத்த, கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

"சும்மா கிடைக்குதுன்னா உசிரையும் குடுப்பாளுவ," என்றான் பின்வரிசையில் ஒருவன். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

அஞ்சப்பன் எழுந்து நின்றார்.

"யோவ் பெருசு, உக்காரு. மறைக்குது."

குரு அவர் கையைப் பிடித்தார். "எங்கண்ணே?"

"நான் போறேன். இது பொய்."

"எது பொய்?"

"புருசன் வேண்டாம்னு கத்தல."

குரு கையை விடவில்லை. அஞ்சப்பன் மெதுவாக உட்கார்ந்தார். முன் நாற்காலியைப் பார்த்துப் பேசினார்.

"நான்தான் சாமி அனுப்பினேன். புள்ளைய மடியில போட்டுகிட்டு வலைக்கிட்ட உக்காந்திருந்தேன். பவளம் அடுப்படியில இருந்தா. கூடையை எடுத்துகிட்டு ஓடு, மத்தவளுவ அள்ளிடுவாளுவன்னு சத்தம் போட்டேன். உலை கொதிக்குதேன்னா. உலை கெடக்கட்டும், நீ ஓடுன்னேன்."

"ஏங்க, ரெண்டு பேரும் வெளியே போய்ப் பேசுங்களேன்," என்றது பின்வரிசை.

படம் முடியும்வரை குரு எழுந்திருக்கவும் இல்லை, அஞ்சப்பனை எழவிடவும் இல்லை.

வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. படியில் இறங்கும்போதே அஞ்சப்பன் ஆரம்பித்தார்.

"இப்பச் சொல்லுங்க சாமி. செத்தவ மேல பழியைப் போட்டிருக்கான். அவளுக்குப் பேராசையாம். இதை ஊர் சனம் பாக்கலாமா? தடுக்காம விடமாட்டேன். நீங்க சொன்னாலும் சரி, சொல்லாட்டியும் சரி."

"பழிதான்," என்றார் குரு. "பெரிய பழி."

"பாவம்னு ஊர்ல சொல்றீங்களா?"

குரு பதில் சொல்வதற்குள் யாரோ "அப்பா" என்றார்கள்.

அடுத்த காட்சிக்கான வரிசையில் தேன்மதி நின்றிருந்தாள். அஞ்சப்பனின் ஒரே மகள். கடல் ஏறிய அன்றைக்கு அவளுக்குப் பத்து மாதம். இப்போது டவுனில் நர்ஸ் படிப்பு, கடைசி வருடம். கையில் டிக்கெட் இருந்தது.

"நீ எங்கடி இங்க?"

"கட்டுப்பாடு சாயங்காலம்தானேப்பா. இப்பப் பாத்துட்டா அபராதம் கிடையாதுல்ல?" சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. "நீங்க பாத்துட்டு வரீங்களா?"

"வீட்டுக்குப் போ."

"போகமாட்டேன்."

"தேனு, சொன்னாக் கேளு. அவ்வளவும் பொய்யி."

"அப்ப நெசம் என்னப்பா?"

வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அம்மா வீட்டுக்குள்ள இருந்துச்சு, தண்ணி வந்துச்சுன்னு நீங்க சொல்றீங்க. கூடையை எடுத்துகிட்டு மீனுக்கு ஓடிச்சுன்னு அத்தை சொல்லுது. எதுப்பான்னு கேட்டா எந்திரிச்சுப் போயிடுறீங்க. எத்தனை வருசமாக் கேக்கறேன்? எனக்கு யார் சொன்னாலும் சரி. படம் சொன்னாலும் சரி. இன்னைக்குத் தெரிஞ்சுக்காமப் போகமாட்டேன்."

அஞ்சப்பன் குருவிடம் திரும்பினார்.

"சாமி, ஊரை விடுங்க. இவ இதைப் பாக்கலாமா, கூடாதா? ஒரே வார்த்தை. நீங்க சொல்றபடி செய்யறேன்."

குரு டிக்கெட் கவுண்டருக்கு மேலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு குடையை விரித்து அஞ்சப்பன் கையில் கொடுத்தார்.

"ஆட்டம் ரெண்டரைக்குத்தான் அண்ணே. இன்னும் அரை மணி நேரம் இருக்கு. சைக்கிள் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் இல்லை. புள்ளையைக் கூட்டிகிட்டுப் போங்க."