சாயங்காலத்துக்குள் தீர்ந்துபோவது

காசநோய்க் கிருமியை ஆராய்ந்துகொண்டிருந்த இசக்கிமுத்துவுக்கே காசநோய் வந்தது.

"நான் அதைப் படிக்கிறேன்னு நினைச்சேன் மேடம். அது என்னைப் படிச்சிருக்கு."

பேராசிரியர் செபஸ்தியம்மாள் சிரிக்கவில்லை. மறுநாள் முதல் தினமும் காலையில் அவன் அறைக்கு வந்தார். அவன் மாத்திரைகளை விழுங்கும்வரை வாசலில் நின்றுவிட்டுப் போனார்.

இருமல் நின்றது. அவன் ஆய்வகத்துக்குத் திரும்பினான். பிரசவத்துக்குப் போன மனைவி குழந்தையோடு வரப்போகிறாள். அப்போதுதான் ஒரு காலை, மாத்திரைகளைத் தள்ளிவைத்தான்.

"போதும் மேடம். குமட்டுது. சளியில கிருமியே இல்ல. செத்துப்போச்சு."

அவர் அவனை ஆய்வகத்துக்கு அழைத்துப் போனார். கழிவுக்கு ஒதுக்கியவற்றில், 'செத்தது' என்று அவன் எழுதியிருந்த குழாயை எடுத்தார். அதில் காசநோய்க் கிருமிக்கு உறவான, சாதுவான கிருமி மருந்தில் ஊறிக்கிடந்தது. மருந்தைக் கழுவி நீக்கிவிட்டு, மிச்சத்தைக் கிருமி வளர்க்கும் புதிய தட்டில் தடவினார்.

"இதுல ஒண்ணும் வளரலேன்னா நிறுத்திக்கோ. அதுவரை மாத்திரை."

"பேரமா மேடம்?"

"நான் மீன்காரி மக. எனக்குப் பேரம் தெரியாதா?"

சில நாளில் தட்டில் வெளிறிய புள்ளிகள் முளைத்தன. அவன் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உன் ஆராய்ச்சிதானே? செத்தது எப்படி முளைச்சுது, சொல்லு."

"கிருமிக்குள்ளயே ஒரு விஷம் இருக்கு. அதை அடக்கிவைக்க விஷமுறிவும் இருக்கு. நெருக்கடி வந்தா முறிவு சிதைஞ்சிடும். விஷம் அவிழ்ந்து கிருமியைத் தூங்க வச்சிடும். தூங்குறதை மருந்து சுலபமா கொல்லாது. நல்ல காலம் வந்தா, புதுசா முறிவு செஞ்சு எழுந்துக்கும்."

சட்டென்று நிறுத்தினான். கை நெஞ்சுக்குப் போயிற்று.

"பிள்ளையைத் தூக்கப்போற நெஞ்சு" என்றார் அவர்.

அறைக்குத் திரும்பியதும் அவன் மாத்திரைகளை விழுங்கினான்.

"விஷம் நிலைச்சு நிக்குது. முறிவு மட்டும் ஏன் மேடம் இவ்வளவு சீக்கிரம் அழியுது?"

அவர் தம்ளரைக் கழுவி வைத்தார்.

சிகிச்சை முழுதாக முடிந்து, மருத்துவர் மாத்திரையை நிறுத்திய அன்று, குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனான். அவர் மடியில் கிடத்தினான்.

"மழையில வந்தீங்க. நான் எரிஞ்சு விழுந்த அன்னிக்கும் வந்தீங்க. அவ்வளவு பொறுமை எங்கிருந்து மேடம்?"

குழந்தை அவர் விரலைப் பிடித்துக்கொண்டது.

"அது சாயங்காலத்துக்குள்ள தீர்ந்துபோகும் இசக்கி. காலையில புதுசா செஞ்சு எடுத்துட்டு வருவேன்."